கேட்காமல் ஒடித்த கொம்பு

மாசி பிறந்துவிட்டால் என்னை வீட்டுக்குள் உட்காரவைக்க யாராலும் முடியாது. போடியில் செடி வளர்ப்பவளுக்கு அந்த ஒரு மாதம்தான் கொண்டாட்டம். காலையில் மலைப் பக்கமிருந்து இறங்கும் குளிர் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். வெயில் ஏறினாலும் இலையைச் சுடாது. பங்குனி வந்ததோ, போச்சு. அதற்குள் பூக்க வேண்டியதெல்லாம் அடித்துப்பிடித்துக்கொண்டு பூத்துவிடும். மகள் வீட்டு வாசலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே கிடக்கிற துண்டு இடத்தில் நான் வைத்திருக்கிற செடிகளும் அப்படித்தான். ஜீனியா, மலை மேலேயிருந்து கிழங்காகக் கொண்டுவந்த டேலியா, முதல் அரும்பு விட்ட முல்லை, பெயிண்ட் டப்பாக்களில் நிற்கிற ஜெரேனியம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

இந்த மாசியில் அந்தத் தலைக்கனம் ஒரே காலையில் இறங்கிவிட்டது. எழுத உட்கார்ந்தால் இப்போதும் காது சூடாகிறது.

நான் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துப் பிழைத்தவள். அங்கே வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகளை லயம் என்போம். அப்படி ஓர் அறையில்தான் நான் குடித்தனம் நடத்தினேன். மகள் பிறந்ததும் அவள் அப்பா கண்ணை மூடியதும் அங்கேதான். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். கடையில் சாமான் கட்டித் தருகிற பேப்பரைக்கூட விரித்து வைத்துப் படிக்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. மகளை அப்படி நிற்க விடவில்லை. விடுதியில் போட்டுப் படிக்கவைத்தேன். இப்போது போடியில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். மருமகன் தினமும் தேனிக்கு வேலைக்குப் போய் வருகிறவர். முட்டி வலி வந்து சரிவில் ஏற முடியாமல் போனதும் மகள்தான் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு வந்தாள். தங்கமான பிள்ளை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வரப்போவதைப் படித்துவிட்டு யாரும் அவளை ஏச வேண்டாம். ஏசுவதானால் நானே ஏசிக்கொள்கிறேன்.

பக்கத்து வீடு அவள் பள்ளியின் தலைமை ஆசிரியையுடையது. பரம்பரையாகத் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் உள்ள குடும்பம். ஆனாலும் என்னைப் போலவே செடிப் பைத்தியம். நான் வந்த புதிதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, உங்க டேலியாவுக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டுத்தான் பழக்கம் தொடங்கியது. எனக்கு இந்த ஊரில் வேறு யாரையும் தெரியாது. காலையில் அவரும் நானும் சுவரோரம் பேசுகிற கொஞ்ச நேரம்தான் எனக்கு மனுஷ வாடை. ஒருநாள் மகளும் கூட நின்றபோது அவர் சொன்னார்:

"தோட்டத்த வித்துட்டுக் கீழ வந்துட்டீங்களாம்ல? மனசே வந்திருக்காதேக்கா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தத் தோட்டம்? மகளைப் பார்த்தேன். அவள் சாக்கடைக்குள் எதையோ தொலைத்தவள் மாதிரி குனிந்து நின்றாள். அப்போதுதான் விளங்கியது.

"ஆமா டீச்சர்," என்றேன். "என்ன செய்ய, பாக்க ஆளில்ல."

வீட்டுக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "தோட்டம் நம்மளதுன்னு எந்த வாயால டீ சொன்ன?"

"நான் எங்கம்மா சொன்னேன்? எங்களுக்கு மெட்டுக்கு மேல ஏலத்தோட்டம்னேன். அவங்களா நெனச்சுக்கிட்டாங்க."

"நெனச்சா, இல்லங்கிறதுக்கு வாய் வலிச்சிருச்சோ?"

"வலிச்சுச்சுதான்," என்றாள். "ஒனக்குத் தெரியாதும்மா. அங்க வேலை பாக்குற பாதிப் பேரு தோட்டம் வச்சிருக்க வீட்டு ஆளுங்க. லயத்துப் பிள்ளைன்னு தெரிஞ்சா, நான் போர்டுல எழுதுறது கண்ணுல படாது. எங்கம்மா இடுப்புல கட்டுன சாக்குதான் படும்."

நான் சாக்கு கட்டியது உண்மை. மழையில் ஈரம் இறங்காமலிருக்க எல்லாரும்தான் கட்டுவோம். அவள் சொன்ன விதத்தில் எனக்கே என் இடுப்பைத் தடவிப் பார்க்கத் தோன்றியது. அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. தலைமை ஆசிரியை தோட்டத்தைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் ஒரு காலம் டீச்சர்" என்று சொல்லி டேலியாவுக்குப் பேச்சைத் திருப்பிவிடுவேன். பொய் சொல்கிறோமே என்று கூசும். சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தலைகுனிவு. இரண்டுக்கும் நடுவில் ஒருமாதிரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டு வாசலில் ஒரு ரோஜாச் செடி உண்டு. சந்தன நிறம், இதழின் ஓரத்தில் மட்டும் லேசான சிவப்பு. அவருடைய கணவர் கொடைக்கானலிலிருந்து வாங்கி வந்ததாம். கணவர் போய்ச் சேர்ந்தபிறகு அந்தச் செடியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார். தெருவில் கேட்காத ஆள் கிடையாது. எதிர்வீட்டுக்காரி ஒரு கொம்பு கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். யாருக்கும் கொடுத்ததில்லை.

எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. 'கேட்டால் எப்படிக் கிடைக்கும், புத்தி கெட்டவளுகளா!' என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் லயத்தில் செடியைக் கேட்டு வாங்குகிற வழக்கம் கிடையாது. கேட்பது பிச்சை. கையால் எடுத்துக் கொடுப்பதும் ஆகாது. கொடுத்தவள் வீட்டுச் செடி பட்டுப்போகும், வாங்கினவள் வீட்டில் வேர் பிடிக்காது. ஒரு செடி பிடித்திருந்தால் அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். பூவைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரிக்குச் சம்மதமானால் முதுகைக் காட்டி உள்ளே போய்விடுவாள். சம்மதமில்லை என்றால் நகராமல் நிற்பாள். நாம் வேறு பேச்சுப் பேசிவிட்டு வந்துவிட வேண்டும். அவள் உள்ளே போனதும் ஒரே ஒரு கொம்பு, கணுவுக்குக் கீழே ஒடித்து எடுத்துக்கொள்ளலாம். நன்றி என்று சொல்லக் கூடாது. அது நம் வீட்டில் பூத்ததும் முதல் பூவை விடியும் முன்னே கொண்டுபோய் அவள் வாசற்படியில் வைத்துவிட வேண்டும். அந்தப் பூவைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு லயம் முழுக்க அவள் பேச்சாகத்தான் இருக்கும். என் வாசலில் விழுந்த பூக்களுக்குக் கணக்கில்லை. இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து நான் கற்கவில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அதுதான் வினை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் அவர் வாசலுக்குள் போய் நின்றேன். "எம்புட்டு அழகு டீச்சர்! கண்ணு பட்டுரும்," என்றேன். ஆசையை மறைக்கவில்லை, முகமெல்லாம் ஆசையாக நின்றிருப்பேன். அவர் சிரித்தார். செடியை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு விறுவிறுவென்று முதுகைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவே கேட்டும் கொடுக்காதவர், வந்து ஒரு வருஷம் முடியாத எனக்கு முதுகு காட்டினாரே! என்ன மனசு! கணுவுக்குக் கீழே பார்த்து ஒரு கொம்பை ஒடித்து முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தேன். சாணமும் மணலும் கலந்து நட்டு, நிழலில் வைத்து, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்ப்பதுபோல் பார்த்தேன். மார்கழியில் துளிர்த்தது. மாசியில் மொட்டு விட்டது.

முதல் பூ விரிந்த அன்று குளித்து முடித்து, இருட்டு பிரிவதற்குள் அவர் வீட்டுப் படியில் பூவை வைத்துவிட்டு வந்து, வாசலிலேயே காத்திருந்தேன். அவர் முகம் எப்படி மலரும் என்று பார்க்க ஆசை.

அவர் வந்தார். கையில் பூ. நேராக என் செடியிடம் போனார். அதில் இன்னும் இரண்டு மொட்டு இருந்தது. எதிர்வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு அங்கேயே நின்றுவிட்டாள். மகள் பள்ளிக்குக் கிளம்பிப் பையோடு வெளியே வந்தாள்.

"இது எங்க வீட்டு ரோசுல்ல?" என்றார் தலைமை ஆசிரியை.

"ஆமா டீச்சர்! நல்லாப் பிடிச்சுக்கிருச்சு பாத்தீங்களா?" என்றேன். என் வாயெல்லாம் பல்.

"எப்பக்கா எடுத்தீங்க?"

"ஐப்பசியில, நீங்க முதுகக் காட்டிட்டு உள்ள போனீங்களே, அன்னைக்குத்தான்."

அவர் யோசித்தார். "அன்னைக்கா? தொட்டி நெறஞ்சு வழிஞ்சுச்சு. மோட்டார நிப்பாட்டப் போனேன்." பிறகு மெதுவாக, "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா," என்றார்.

அவர் கத்தியிருந்தாலாவது எனக்குக் கோபம் வந்திருக்கும், தப்பித்திருப்பேன். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. எதிர்வீட்டுக்காரிதான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "நாங்கள்லாம் வாய்விட்டுக் கேட்டமே, எங்களுக்கு ஒடிக்கத் தெரியாமலா?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடி என்கிறார்கள். என்னைத் திருடி என்கிறார்கள்! எஸ்டேட்டில் கீழே கிடந்த ஒரு காயைக்கூட மடியில் கட்டாதவளை!

"ஐயோ டீச்சர், திருட்டு இல்ல! எங்க லயத்துல இதுதான் வழக்கம்," என்று ஆரம்பித்துவிட்டேன். "கேட்டுக் கையால வாங்குனா வேர் பிடிக்காது. மொதப் பூவ வாசல்ல வைப்போம். அதுக்குத்தான் வச்சேன். திருடுனவ கொண்டாந்து வைப்பாளா? எம் மகளக் கேளுங்க, அவ அங்கன வளந்தவதான், அவளுக்குத் தெரியும்."

"லயத்துலயா?" என்றார் அவர்.

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்தேன். எல்லாரும் மகளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் எனக்கு முன்னால் ஓடிப்போய் அடுத்த வீட்டுப் படியில் பூ வைத்துவிட்டு வந்தவள் அவள். ஒரு வார்த்தை, 'ஆமா' என்றால் போதும். என் மானம் அவள் வாயில் இருந்தது. அவள் மானம் என் வாயிலிருந்து ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தது.

"அப்படி எந்த வழக்கமும் இல்ல மேடம்," என்றாள் மகள். குரல் நடுங்கவில்லை. "அம்மாவுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் தப்புது. எதையாவது எடுத்துட்டு வந்துருவாங்க. தோட்டத்துல வேலை செஞ்சவங்க சொன்ன கதையெல்லாம் இப்பத் தன்னோட கதைன்னே நெனச்சுக்கிறாங்க. வெளிய சொல்ல வேணாம்னு இருந்தோம்."

தலைமை ஆசிரியையின் முகம் பார்க்கப் பார்க்க மாறியது. வருத்தம் போய் இரக்கம் வந்தது. கையிலிருந்த பூவை என் கையில் வைத்து மூடினார். "அடப் பாவமே! எனக்குத் தெரியாமப் போச்சே. நீங்களே வச்சுக்கங்க ஆத்தா," என்றார். ஒரு நிமிஷம் முன்னால்வரை அக்காவாக இருந்தவள் நான். எதிர்வீட்டுக்காரியும் தலையில் கை வைத்துக்கொண்டு, "எங்க பெரியப்பாவும் இப்படித்தான் ஆனாரு," என்றாள்.

அன்று மாலை மகள் வந்ததும் நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவளே வந்து நின்றாள்.

"கிறுக்கின்னு சொல்லிட்டியேடி," என்றேன்.

"திருடின்னு சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்குமா?"

"வழக்கம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்புவாங்களா? லயத்துக்காரி, அதனாலதான் களவாண்டாம்பாங்க. ரெண்டும் சேந்து ஒட்டிக்கிரும்மா. ஒனக்கும் எனக்கும்." சொல்லிவிட்டு அழுதாள். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. எனக்கு அவளை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, அவளுக்கு டீ போட்டுக் கொடுக்க வேண்டும்போலவும் இருந்தது. டீதான் போட்டேன். அவள் சொன்னதில் தப்பு என்று எதைச் சொல்ல? தெருவை அவள் அறிந்த மாதிரி நான் அறியவில்லை. ஆனால் என் வாழ்க்கை முழுவதையும் யாரோ சொன்ன கதை என்று ஆக்கிவிட்டாளே.

அதன்பிறகு தெரு என்னிடம் காட்டுகிற அன்பு இருக்கிறதே, அதைவிட நாலு ஏச்சு வாங்கியிருக்கலாம். எந்த வாசலில் நின்றாலும், "எடுத்துக்கங்க ஆத்தா, எது வேணுமோ ஒடிச்சுக்கங்க," என்கிறார்கள். பிஸ்கட் கொடுக்கிறார்கள். கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரர் மகளுக்குப் போன் போட்டு, "அம்மா இங்கதான் இருக்காங்க, பயப்படாதீங்க," என்கிறார். சத்தமாக, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறார்கள். நான் ஒரு செடியையும் தொடுவதில்லை. என் வாசலில் பூத்ததைக்கூடப் பறிக்கக் கூச்சமாக இருக்கிறது. அந்த ரோஜாவின் மற்ற இரண்டு மொட்டும் விரிந்து, காய்ந்து, செடியிலேயே உதிர்ந்தன.

பங்குனி தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைமை ஆசிரியை எங்களைக் கூப்பிட்டனுப்பினார். மகள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் தம்பிக்கு மெட்டுக்கு மேலே தோட்டம் இருக்கிறது; முதல்நாள்தான் போய்விட்டு வந்திருந்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முந்திரிப் பருப்பெல்லாம் எடுத்து வைத்தார். அவர் நல்லவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பழைய பொருளக் காட்டுனா ஞாபகம் திரும்புமாம் ஆத்தா, ஒரு வீடியோவுல பாத்தேன்," என்று சொல்லி, ஈரத்துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்து என் மடியில் வைத்தார். "உங்களுக்காகவே கொண்டாந்தேன். உங்க தோட்டத்துல எம்புட்டுப் பாத்திருப்பீங்க! இது என்ன பூவு, சொல்லுங்க பாப்போம்?"

ஏலப் பூ. வெள்ளை இதழ், நடுவில் ஊதாக் கோடு. செடியின் அடியிலிருந்து தரையோடு ஓடுகிற காம்பை நாங்கள் சரம் என்போம். அந்தச் சரத்தையே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். இத்தனை காயும் வீணாகிவிட்டதே என்றுதான் முதலில் மனசு அடித்துக்கொண்டது. கோடை மழைக்கு முன்னாலேயே பூத்திருக்கிறது, அப்படியானால் தண்ணீர் பாய்ச்சுகிற தோட்டம் என்று அடுத்ததாக ஓடியது. அந்தப் பூ காயாகும்வரை குனிந்த இடுப்பு இது. அந்தக் காயை எடுத்துத்தான் மகளுக்குச் சோறு போட்டேன், பள்ளிக்கு அனுப்பினேன். கண்ணைக் கட்டிவிட்டு மடியில் போட்டாலும் விரல் சொல்லிவிடும்.

தலைமை ஆசிரியை ஆசையோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மகள் நின்றாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கவில்லை. பெயரைச் சொல்லிவிட்டால் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று ஆகிவிடும். ஞாபகம் உள்ளவள் ஒடித்ததற்குப் பெயர் வேறு. அதை மறைத்த மகளுக்குப் பெயர் வேறு.

பூவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தெரியலையேம்மா," என்றேன். "மல்லிகப் பூவா?"

அவர் கண் கலங்கி என் தலையைத் தடவினார். "பரவால்ல ஆத்தா, பரவால்ல. மல்லிகதான்," என்றார்.

கிளம்பும்போது மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் எனக்கு எப்போதும் 'வா, போ'தான். "படி இருக்கு, பாத்து இறங்குங்கம்மா," என்றாள். அவள் கை வேர்த்திருந்தது. நான் படியைப் பார்த்து, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து இறங்கினேன்.